பிரின்சியின் இரண்டாம் சாவு

பிரின்சியைக் கொன்றது நான்தான்.

இப்படி எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று கை போனது. எதற்கு அடிக்க வேண்டும்? உண்மைதானே...

பதறாதீர்கள். காவல் நிலையத்துக்கு ஓட வேண்டிய விஷயம் அல்ல இது. பிரின்சி என்ற சிறுமி, கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள். நான் கொன்றது அதன் பிறகும் மிஞ்சியிருந்த பிரின்சியை. ஒரு கணினி விளையாட்டுக்குள், கையில் விளக்கை ஏந்திக்கொண்டு, எங்கள் பின்னால் நடந்து வந்தாளே... அவளை!

இதற்குத்தானா இத்தனை அலட்டல் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள். நானும் பல வருடங்கள் அப்படிச் சிரித்துத்தான் சமாளித்தேன். முழுவதையும் கேட்ட பிறகும் சிரிப்பு மிச்சமிருந்தால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. கத்தோலிக்கர்களைப் போல, மரத் தட்டிக்கு அப்பால் இருக்கும் சாமியாரின் காதில் சொல்லிவிட்டு எழுந்து வர எங்களுக்கு வழியில்லை. நேரே ஆண்டவரிடம் சொல் என்பார்கள். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரிந்தவரிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? ஒன்றும் தெரியாத உங்களிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

என் அப்பாவுக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் அலுவலக வேலை. நான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தபோது, எஞ்சினியர் ஆகப் போகிற பிள்ளை என்று சொல்லி வீட்டில் கணினி வாங்கினார்கள். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். முன்னறையில், வேதாகமம் இருந்த அலமாரிக்குப் பக்கத்தில் அதற்கு இடம். அந்தக் கணினியில் நான் எஞ்சினியரிங் எதையும் பார்த்ததில்லை என்பதை இப்போது அம்மாவிடமும் சொல்லிவிடலாம்.

சகாயம் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த கடற்கரை ஊர்க்காரன். ஒரே பள்ளிதான், நான் இங்கிலீஷ் மீடியம், அவன் தமிழ் மீடியம். பேருந்தில் ஏற்பட்ட பழக்கம். அவனுடைய தங்கைதான் பிரின்சி. கடல் வந்தபோது நாலாம் வகுப்பில் இருந்தவள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், வலைகள் போட்டு வைக்கும் கொட்டகையின் ஜன்னல் கம்பியை ஒரு கையாலும், தங்கையின் கையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் அவன். தண்ணீர் வடிந்தபோது கம்பி மட்டும்தான் கையில் இருந்தது. இதை ஒரே ஒரு முறைதான் சொன்னான், பேருந்தின் கடைசி இருக்கையில் இருந்துகொண்டு.

"வழுகிப் போச்சா, நான் விட்டேனா... அதுதான் தெரியல மக்கா. சாமியார்ட்ட கேட்டேன். கடவுளுக்க சித்தம்னு சொன்னாரு. நான் அதையா கேட்டேன்?"

அந்த வயதில் என்ன சொல்வது? நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

பிரின்சியின் உடல் கிடைக்கவில்லை. அவனுடைய அம்மா கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு சிலுவை நட விடவில்லை. சிலுவை நட்டுவிட்டால் பிள்ளை திரும்பி வர மாட்டாள் என்று அந்த அம்மாவுக்கு ஒரு எண்ணம். ஊரே பேசிப் பார்த்தது. அசையவில்லை.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரும். கடற்கரை ஊர்களில் அன்று கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அதனால் எனக்கு அது வேடிக்கை. சகாயத்துக்கோ, போய் உட்கார ஓர் இடம் இல்லாத நாள்.

அந்த விளையாட்டு சிடியைக் கோட்டாறில் ஒரு கடையில் வாங்கினோம். கள்ள சிடிதான், பெயரைக்கூட மார்க்கரால் கிறுக்கியிருந்தது. உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீரன் இருப்பான், அவன் நாம்தான். கூட வரும் தோழர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். அரக்கர்கள், குகைகள், மந்திரவாதிகள்... வழியெல்லாம் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். இந்தத் திருடனைக் கொல்வதா, விடுவதா? இந்த ஊருக்குத் தங்கத்தைக் கொடுப்பதா, வேண்டாமா? நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை போகும்.

கோடரி வைத்திருந்த குள்ளனுக்கு எங்கள் கணக்கு வாத்தியாரின் பெயரை வைத்தோம். அவன் அடி வாங்கும் போதெல்லாம் எங்களுக்குப் பரம சந்தோஷம்! அடுத்து ஒரு பெண் வந்தாள், காயங்களை ஆற்றுகிறவள், கையில் விளக்கு. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். சகாயம் திரையில் தெரிந்த அந்த விளக்கை விரலால் தொட்டான்.

"பிரின்சின்னு அடி மக்கா."

அடித்தேன். அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது.

எங்கே முகாம் போட்டாலும் அவள் விளக்கை ஏற்றி வைப்பாள். அவள் மேல் அழுத்தினால் ஒரு வரி பேசுவாள். சகாயத்துக்கு இங்கிலீஷ் வராது. திரையில் வருவதையெல்லாம் நான்தான் தமிழில் சொல்வேன். அந்த வரியையும் நான்தான் சொன்னேன்: நான் இங்கதான் இருக்கேன், போவமா?

எத்தனை முறை அதைக் கேட்டிருப்பான்! அழுத்துவான், கேட்பான், மறுபடி அழுத்துவான். அர்த்தம் தெரியாத மற்ற இங்கிலீஷெல்லாம் ஒரு பக்கம். அந்த ஒரு வரியின் ஓசை மட்டும் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வருடக் கல்லறைத் திருநாள் மத்தியானம், சட்டைப் பையில் ஒரு மெழுகுவர்த்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான்.

"மக்கா, கேமைப் போடுவியா? விளக்கு ஒண்ணு பத்த வச்சிட்டுப் போறேன்."

மெழுகுவர்த்தியைக் கணினிக்குப் பக்கத்தில் கொளுத்தப் போனவனை அம்மா பார்த்துவிட்டாள். "ஏம்பிலே, இதென்ன அந்தோணியார் குருசடியா, மெழுகுவத்தி கொளுத்த?" என்று ஒரு அதட்டு. அவன் மெழுகுவர்த்தியை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு, விளையாட்டுக்குள் பிரின்சியின் விளக்கை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. எங்கள் வீட்டு முன்னறையில் அவனுக்கு ஒரு கல்லறை கிடைத்துவிட்டது. அது எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது!

ஆனால் விளையாட்டு நகரவில்லை. நீங்கள் விளையாடுகிறவராக இருந்தால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். ஒவ்வொரு சண்டையிலும் பிரின்சிக்கு அடி விழுந்தால் பின்வாங்கச் சொல்வான். வழியில் யார் கை நீட்டினாலும் எங்கள் தங்கத்தைக் கொடுத்துவிடுவான். திருடனை விட்டுவிடுவான். கும்பிடப் போன இடத்திலெல்லாம் உண்டியலில் போட்டு எங்கள் வீரன் ஓட்டாண்டி ஆனான். கணினி என்னுடையது, மின்கட்டணம் என் அப்பாவுடையது, வீரன் மட்டும் சகாயத்தின் வேதக்கோயில் பிள்ளை!

இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப் போகிறது... அவனுடைய துக்கத்தின் மேல் எனக்குப் பொறாமை. பள்ளியில் ஆசிரியர்கள் அவன் தோளில் கை போடுவார்கள். பேருந்தில் பெண்பிள்ளைகள் அவனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். என் வாழ்வில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. எனக்கு யார் குரலைத் தாழ்த்துவார்கள்?

பரீட்சை நெருங்கியது. இனி கணினிக்குப் பூட்டு என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குள் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஒரு சனிக்கிழமை, அம்மா பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சுற்று முறையில் கரண்டு போகிற காலம் அது. போவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அப்போதுதான் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

மலைக்கு அடியில் ஒரு கல்வாசல். உள்ளே நெருப்பு வாள் இருக்கிறது. அது கையில் இருந்தால் கடைசி அரக்கனை ஊதித் தள்ளிவிடலாம். திரையில் மூன்று வழிகள் எழுதியிருந்தன.

ஒன்று, விளக்கேந்தியவள் தன் உயிரைக் கொடுத்துக் கதவைத் திறப்பாள். இரண்டு, வீரன் தான் சேர்த்த பலத்தில் பாதியைக் கொடுத்துக் கதவைத் திறப்பான், வாள் கிடைக்காது. மூன்று, எல்லோரும் திரும்பிப் போவார்கள்.

நான் மூன்றையும் படித்தேன். நன்றாகவே படித்தேன். மாதக்கணக்காகச் சேர்த்த பலத்தில் பாதி... எதற்கு? ஒரு பொம்மைக்காகவா?

"என்னலே எழுதியிருக்கு?" என்றான் சகாயம். மவுஸ் அவன் கையில் இருந்தது. கேள்வி வந்தால் தமிழ் சொல்வது நான், அழுத்துவது அவன் என்பது எங்கள் பழக்கம்.

"முதல்ல உள்ளது, பிரின்சி கதவைத் திறப்பான்னு."

உயிரைக் கொடுத்து என்பதை விட்டுவிட்டேன். வாய் தவறவில்லை, மறக்கவில்லை. விட்டேன்!

"மத்தது ரெண்டும்?"

"ஒண்ணு திரும்பிப் போறது. இன்னொண்ணு சும்மா, ஒண்ணும் இல்ல. சட்டுன்னு அழுத்து, கரண்டு போயிரும்."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. தங்கச்சி கதவு திறக்கப் போகிறாள் அல்லவா! சிரித்துக்கொண்டே முதலாவதை அழுத்தினான்.

பிரின்சி வாசலை நோக்கி நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் இங்கேதான் இருக்கிறேன், நீங்கள் போங்கள். முதல் பாதி சகாயத்துக்கு மனப்பாடமான ஓசை. வழக்கம்போல அவளோடு சேர்ந்து அவனும் முணுமுணுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. பின்பாதி அவனுக்குப் புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது.

அந்த விளையாட்டில் ஆடியதைச் சேமிப்பதற்கு ஒரே இடம்தான். வாசலைக் கடந்ததும் அது தானாகச் சேமித்துக்கொள்ளும், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

சகாயம் அவள் நின்ற இடத்தில் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். தரையில், சுவரில், இருட்டில்... எங்கும் அழுத்தினான்.

"எங்கலே அவ?"

"செத்துட்டா மக்கா."

"நானா கொன்னேன்?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இல்லை, நான்தான் என்று... இரண்டு வார்த்தை! என்னை அடித்திருப்பான், அதோடு போயிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீ என்ன செய்வ? எதை அழுத்தினாலும் அவ சாவா. கதை அப்படித்தான் எழுதியிருக்கு."

"மூணுலயும் சாவாளா?"

"மூணுலயும்."

"அப்போ யாரு நின்னாலும் ஒண்ணும் செய்ய முடியாது, இல்லியா?"

"முடியாது மக்கா."

கரண்டு போனது. மின்விசிறி நின்றது. கறுத்துப் போன திரையைப் பார்த்துக்கொண்டு அவன் அழுதான். நான் பயந்துபோய் அவன் முதுகைத் தடவினேன். வெகு நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கும் அப்படித்தான் மக்கா இருந்திருக்கும். பிடிச்சாலும் போயிருப்பா."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதலிலிருந்து ஆடலாம், வேறு ஒருத்திக்கு அந்தப் பெயரை வைக்கலாம் என்று அடுத்த வாரம் கூப்பிட்டுப் பார்த்தேன். "வேற ஒருத்திக்கு அவளுக்க பேரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். மிச்சத்தை நான் தனியாக ஆடினேன். நெருப்பு வாளால் கடைசி அரக்கனை வெகு சுலபமாக முடித்தேன். முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கேளுங்கள், விசித்திரம் இனிமேல்தான்... சகாயம் தேறிவிட்டான்! கடலைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்தவன் மறுபடி கரைக்குப் போனான், பந்து விளையாடினான், சத்தமாகச் சிரித்தான். ஐ.டி.ஐ. முடித்து வெல்டிங் வேலைக்கு வளைகுடா போனான். அம்மாவையும் அவனே பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, கல்லறைத் தோட்டத்தில் பிரின்சி பெயருக்கு ஒரு சிலுவை நட்டான்.

அவன் வளைகுடா போவதற்கு முன் அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு முழு நெய்மீன். என் கன்னத்தைத் தொட்டு, "நீ கூட இருந்ததுகொண்டுதான் மக்களே அவன் மனசு தேறினான்" என்றார். அம்மா அந்த மீனைக் குழம்பு வைத்தாள். நான் வயிறு நிறையத் தின்றேன். பாருங்கள், பொய் சொன்னாலும் நல்லதுதான் நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படியே பல வருடங்கள் ஓடின. நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை, வளைகுடாக்காரர்களுக்கு விடுமுறை நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது சகாயத்தின் அழைப்பு வந்தது.

"ஏலே எட்வினே, இங்க கூட இருக்க பிலிப்பைன்ஸ்காரனுக்க லேப்டாப்புல நம்ம கேம் இருக்கு, கேட்டியா! முதல்ல இருந்து ஆடினேன்."

"யாரு பேரு வச்ச?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் மக்கா. கை கேக்கல. அந்த வாசலுக்க கிட்ட வந்தேன். இப்போ நான் இங்கிலீஷ் வாசிப்பேம்லா. ரெண்டாவதா உள்ளதுல, நம்ம பலத்துல பாதியைக் குடுத்தா போதும்னு எழுதியிருக்கு. அவ சாக வேண்டாம்."

என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம சிடியில அது இருந்திருக்காது, இல்லியா? கள்ள சிடில்லா அது."

எனக்கு ஒரு வழியை அவனே திறந்து வைத்தான். அவன் அப்படித்தான், கை நீட்டினவனுக்கெல்லாம் தங்கத்தைக் கொடுக்கிறவன். நானும் வெட்கமில்லாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஆமா மக்கா. கள்ள சிடில பாதி இருக்காது."

"அப்படித்தான் இருக்கும்." அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ அன்னைக்குச் சொன்னதக் கொண்டுதான் நான் பிழைச்சேன், கேட்டியா? எதை அழுத்தினாலும் சாவான்னு. இப்போ பாத்தா அவ பிழைக்கதுக்கும் வழி எழுதி வச்சிருக்கான்... அப்போ, கடல் கேறின அன்னைக்கும் வேற வழி ஏதாவது இருந்திருக்குமா மக்கா? நான் கம்பியை விட்டிருந்தா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் சொன்னது இதுதான்: "மக்கா, லைன் விட்டு விட்டுக் கேக்குது. பொறவு கூப்பிடுதேன்."

லைன் துல்லியமாக இருந்தது. அவன் அறையில் ஓடிய ஏசியின் இரைச்சல்கூட எனக்குக் கேட்டது. நான்தான் துண்டித்தேன்.

பிறகு நான் கூப்பிடவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு வருவதையும் அவன் குறைத்துக்கொண்டான். விடுமுறைக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறான், கடற்கரைக்குப் போவதில்லையாம். அவனுடைய அம்மாதான் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ பழையபடி ஆயிட்டான் மக்களே, ஒறக்கம் இல்ல. நீ ஒருக்க பேசிப் பாரு. நீ சொன்னா கேப்பான்" என்றார். சரி அம்மா, பேசுகிறேன் என்றேன். அதுவும் பொய்தான்.

உண்மையைச் சொன்னால் அவன் என்னை வெறுப்பான், அது பரவாயில்லை. ஆனால் அந்த விளையாட்டில் வழி இருந்தது என்று நான் ஒப்புக்கொண்டால், தண்ணீருக்குள்ளும் வழி இருந்தது என்று அவன் உறுதி செய்துவிடுவானே? இது அவன் மேல் இருக்கும் அக்கறையா, இல்லை என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் தேடிப் பிடித்த அடுத்த கள்ள சிடியா? எனக்கே தெரியவில்லை...

அவன் அந்த வாசலைத் தாண்டவே இல்லை. பலத்தைக் கொடுத்தும் தாண்டவில்லை. அவளை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தத் திரையைப் படம் எடுத்து என் கைப்பேசிக்கு அனுப்புகிறான். உடன் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை.

இந்த வருடமும் இன்று மத்தியானம் வந்தது. கல்வாசல், இருட்டு, விளக்கோடு பிரின்சி. அவள் மேல் அழுத்திவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறான். கீழே அவளுடைய வரி தெரிகிறது. இப்போது அதைத் தமிழில் சொல்ல அவனுக்கு என் தயவு தேவையில்லை.

படத்தை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கு நீலக் குறி போயிருக்கும். பதில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். "மக்கா" என்று மட்டும் அடித்திருக்கிறேன்.